73 வெற்றி ஏன் போதவில்லை? 2015-16 என்பிஏ சீசன் வழியாக ஓர் அறிமுகம்

2016 ஏப்ரல் 13 இரவு கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. லாஸ் ஏஞ்சலஸில் நட்சத்திர வீரர் கோபி பிரையன்ட் தன் கடைசி ஆட்டத்தில் 50 ஷாட் எறிந்து 60 பாயிண்ட் எடுத்தார். வடக்கே ஓக்லாந்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸை 125-104 என்று வீழ்த்தி அந்த சீசனின் 73-ஆவது வெற்றியைப் பெற்றது. நம் கடிகாரத்தில் அது ஏப்ரல் 14 காலை 8 மணி, சித்திரை முதல் நாள். 1995-96இல் சிகாகோ புல்ஸ் வைத்த 72-10 (72 வெற்றி, 10 தோல்வி) என்ற சாதனை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அன்று உடைந்தது. அந்த புல்ஸ் அணியில் ஆடிய ஸ்டீவ் கெர்தான் இந்த வாரியர்ஸின் பயிற்சியாளர்.

ஆனால் ஜூன் 19 அன்று கோப்பையைத் தூக்கியது க்ளீவ்லாந்து கேவலியர்ஸ். அவர்களுடைய சீசன் கணக்கு 57-25.

82 ஆட்டத்தில் 9 மட்டுமே தோற்ற அணி சாம்பியன் இல்லையா? என்பிஏவைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். குழப்பத்துக்குக் காரணம், வழக்கமான சீசனும், அதன் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன என்று நினைத்துக்கொள்வது. அவை கேட்பது இரண்டு வேறு கேள்விகள். பயணக் களைப்போடு, விதவிதமான எதிரணிகளுக்கு எதிராக, ஆறு மாதம் தரம் குறையாமல் ஆட முடியுமா என்று சோதிப்பது முதலாவது. உன்னை மட்டுமே படித்துவிட்டு வந்து நிற்கும் ஒரே எதிரணியை இரண்டு வாரத்தில் நான்கு முறை வெல்ல முடியுமா என்று சோதிப்பது இரண்டாவது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள 2015-16ஐவிட நல்ல சீசன் கிடையாது.

82 எப்படி வருகிறது

லீக்கில் 30 அணிகள். கிழக்கு, மேற்கு என்று இரண்டு கான்ஃபரன்ஸ்; ஒவ்வொன்றிலும் 15 அணிகள், 5 அணிகள் கொண்ட மூன்று டிவிஷன்கள். ஓர் அணி தன் டிவிஷனில் உள்ள மற்ற 4 அணிகளோடு தலா 4 முறை ஆடும்: 16 ஆட்டம். அதே கான்ஃபரன்ஸின் மீதி 10 அணிகளில் 6 அணிகளோடு தலா 4 முறை (24), 4 அணிகளோடு தலா 3 முறை (12). எதிர் கான்ஃபரன்ஸின் 15 அணிகளோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று (30). கூட்டினால் 82. அதில் பாதி, 41 ஆட்டம், சொந்த அரங்கில்.

டிரா என்பது கிடையாது. 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கும் முடிந்து சமநிலை என்றால் 5 நிமிடம் கூடுதல் நேரம். அப்போதும் சமம் என்றால் இன்னொரு 5 நிமிடம். அதனால் ஐபிஎல் போல வெற்றிக்கு 2 புள்ளி, ரன் ரேட் என்ற கணக்கெல்லாம் தேவையில்லை. வெற்றி, தோல்வி, வெற்றி விழுக்காடு மட்டும்தான்.

அணிகளின் தரவரிசைப் பட்டியலில் இன்னொரு நெடுவரிசை இருக்கும்: முதல் அணியைவிட எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது என்பது. அதில் வரும் அரை எண்கள் புதியவர்களைத் திகைக்க வைக்கும். கணக்கு எளிது. இரு அணிகளின் வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். ஓர் அணி 20-5, இன்னொன்று 18-6 என்றால் வெற்றியில் 2, தோல்வியில் 1, மொத்தம் 3, பாதி 1.5. இரண்டு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்காதபோதுதான் அரை வரும். 2015-16 முடிவில் வாரியர்ஸ் 73-9, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 67-15. இடைவெளி 6 ஆட்டம். 67 வெற்றி என்பது பெரும்பாலான ஆண்டுகளில் லீக்கிலேயே முதலிடம் தரக்கூடிய எண் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

யார் உள்ளே, யார் வெளியே

பழைய பட்டியலைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இன்று 7 முதல் 10 வரையிலான இடத்தில் உள்ள அணிகள் ‘பிளே-இன்’ ஆட்டங்களில் மோதி வர வேண்டும். 2016இல் அது இல்லை. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் முதல் 8 அணிகள் நேராக பிளேஆஃபுக்குப் போகும்.

கான்ஃபரன்ஸ் பிரிவினையால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி. மேற்கில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 41-41 என்ற கணக்கோடு எட்டாவது இடம் பிடித்து உள்ளே போனது. கிழக்கில் சிகாகோ புல்ஸ் 42-40, அதாவது ஒரு வெற்றி கூடுதல். ஆனால் ஒன்பதாவது இடம், வெளியே. 30 அணிகளையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. பட்டியலை எப்போதும் இரண்டாகப் பிரித்தே படிக்க வேண்டும்.

கிழக்கில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. மியாமி ஹீட், அட்லாண்டா ஹாக்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸ், ஷார்லட் ஹார்னெட்ஸ் ஆகிய நான்கு அணிகளும் 48-34 என்று முடித்தன. 3 முதல் 6 வரையிலான இடங்களை இந்த நால்வருக்குள் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு அணிகள் மட்டும் சமம் என்றால் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் யார் அதிகம் வென்றார்கள் என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டுக்கு மேல் என்றால் டிவிஷனை வென்ற அணிக்கு முன்னுரிமை, பிறகு அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கு. மியாமி 3, அட்லாண்டா 4, பாஸ்டன் 5, ஷார்லட் 6 என்று முடிவானது. நவம்பர் மாதத்து சாதாரண செவ்வாய்க்கிழமை ஆட்டம் ஒன்று ஏப்ரலில் யாரோடு மோதுவது என்பதையே மாற்றிவிடும் என்பது இங்கே புரியும்.

அந்த சீசனில்தான் ஒரு விதியும் திருத்தப்பட்டது. முன்பு டிவிஷனை வென்றாலே முதல் 4 இடங்களுக்குள் ஓர் இடம் உறுதி. 2014-15இல் போர்ட்லாண்ட் 51 வெற்றியோடு நான்காவதாக வைக்கப்பட்டது; 55 வெற்றி பெற்ற மெம்ஃபிஸும் சான் அன்டோனியோவும் ஐந்தாவது, ஆறாவது. இது நியாயமில்லை என்ற குரல் எழுந்ததால், 2015-16 முதல் வெற்றிக் கணக்கை வைத்தே வரிசை என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம், பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது.

எதிரணியை மட்டுமல்ல, அட்டவணையையும் வெல்ல வேண்டும்

2015 அக்டோபர் 27 முதல் 2016 ஏப்ரல் 13 வரை 170 நாள். அதற்குள் 82 ஆட்டம். பிப்ரவரியில், நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்துக்கான ஆல்-ஸ்டார் வார இடைவேளையைக் கழித்தால் இரண்டு நாளுக்கு ஓர் ஆட்டத்துக்கும் கொஞ்சம் அதிகம். சில வாரங்களில் அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு வெவ்வேறு ஊர்களில் ஆட வேண்டியிருக்கும்.

வாரியர்ஸின் தொடக்கத்தைப் பாருங்கள். முதல் ஆட்டத்திலிருந்து தொடர்ந்து 24 வெற்றி. என்பிஏ வரலாற்றில் அப்படி ஒரு தொடக்கம் எந்த அணிக்கும் இல்லை. 24-ஆவது வெற்றி டிசம்பர் 11, பாஸ்டனில். இரண்டு கூடுதல் நேரங்கள் வரை இழுத்து 124-119. ஆட்டம் முடிந்து விமானம் ஏறி அடுத்த நாள் இரவே மில்வாக்கியில் இறங்கினார்கள். 108-95 என்று தோற்றார்கள். மில்வாக்கி அந்த ஆண்டு பிளேஆஃபுக்கே போகாத அணி. களைத்த காலில் முதலில் குறைவது ஷாட்டின் உயரம். த்ரீ பாயிண்டர் (தொலைவில் உள்ள கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும், 3 பாயிண்ட் தரும் ஷாட்) வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பும். அடுத்து குறைவது தற்காப்புக்குத் திரும்பி ஓடும் வேகம். ஓர் ஆட்டத்தின் முடிவைப் பார்த்து வியப்பதற்கு முன் முந்தைய இரவு அந்த அணி எங்கே இருந்தது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

உள்ளூர், வெளியூர் கணக்கும் அப்படித்தான். வாரியர்ஸ் சொந்த அரங்கில் 39-2, ஸ்பர்ஸ் 40-1. ஸ்பர்ஸின் அந்த ஒரே தோல்வி ஏப்ரல் 10 அன்று வாரியர்ஸிடம், 92-86. வாரியர்ஸின் இரண்டு உள்ளூர்த் தோல்விகளில் ஒன்று பாஸ்டனிடம், மற்றது 29-53 என்று முடித்த மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸிடம். சொந்தப் படுக்கை, பழகிய வளையம், பின்னால் நிற்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. பிளேஆஃபில் ஏழாவது ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடும் உரிமைக்காக அணிகள் சீசன் முழுவதும் போராடுவதன் காரணமும் அதுவே.

இந்த 82 ஆட்டத்தையும் அழகாகத் தாண்டிய வாரியர்ஸுக்கு முதல் 43 ஆட்டங்களில் கெர் பெஞ்சில்கூட இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓய்வில் இருந்தார். உதவிப் பயிற்சியாளர் லூக் வால்டன் 39-4 என்று நடத்திக் கொடுத்தார். அதிகாரப்பூர்வக் கணக்கில் அந்த வெற்றிகள் கெரின் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. க்ளீவ்லாந்திலோ நேர்மாறு: 30-11 என்று கிழக்கில் முதலிடத்தில் இருந்தபோதே, ஜனவரி 22 அன்று பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை நீக்கி டைரான் லூவை அமர்த்தினார்கள்.

வெற்றி எண்ணிக்கை மறைப்பதைக் காட்டும் எண்

ஓர் அணி எடுத்த சராசரிப் பாயிண்டிலிருந்து கொடுத்த சராசரிப் பாயிண்டைக் கழித்தால் பாயிண்ட் வித்தியாசம் கிடைக்கும். ஓர் அணி உண்மையில் எவ்வளவு வலுவானது என்பதை வெற்றிக் கணக்கைவிட இது நன்றாகச் சொல்லும். காரணம், 2 பாயிண்ட் வித்தியாசத்தில் முடியும் ஆட்டம் பெரும்பாலும் கடைசி ஒரு ஷாட்டின் அதிர்ஷ்டம். 20 பாயிண்ட் வித்தியாசம் அதிர்ஷ்டத்தால் வருவது அரிது.

2015-16இல் வாரியர்ஸின் வித்தியாசம் ஆட்டத்துக்கு 10.8. ஸ்பர்ஸுடையது 10.6. அதாவது 6 வெற்றி இடைவெளி இருந்தாலும் இரண்டு அணிகளின் பலமும் ஏறத்தாழ ஒன்றே. நெருக்கமான ஆட்டங்களை வாரியர்ஸ் அதிகம் வென்றது. இன்னும் கவனிக்க வேண்டியது ஓக்லஹோமா சிட்டி தண்டர். 55-27 என்ற கணக்கு க்ளீவ்லாந்தின் 57-25க்குக் கீழே. ஆனால் வித்தியாசம் 7க்கு மேல். க்ளீவ்லாந்துக்கு 6 அளவில்தான். ஏப்ரலில் இந்த எண்ணைப் பார்த்தவர்களுக்கு, தண்டர் மே மாதத்தில் ஸ்பர்ஸை 4-2 என்று வெளியேற்றியது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது.

402

இந்த சீசன் நினைவில் நிற்க முதல் காரணம் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கர்ரி. ஒரு சீசனில் அதிக த்ரீ பாயிண்டர் என்ற சாதனை அதற்கு முன் 286, அதுவும் அவருடையதுதான். 2015-16இல் 402. சாதனை ஐந்து பத்து கூடவில்லை, 116 கூடியது.

இதன் பொருளைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். த்ரீ பாயிண்ட் கோடு வளையத்திலிருந்து நடுவில் 7.24 மீட்டர், மூலைகளில் 6.71 மீட்டர். கோட்டுக்கு உள்ளிருந்து 100 ஷாட் எறிந்து 50 விழுந்தால் 100 பாயிண்ட், ஷாட்டுக்கு 1.00. வெளியிலிருந்து அதே 1.00 எடுக்க 33 அல்லது 34 விழுந்தால் போதும். கர்ரி 886 எறிந்து 402 போட்டார்: 45.4 விழுக்காடு. மூன்றால் பெருக்குங்கள், ஷாட்டுக்கு 1.36. வளையத்துக்கு இரண்டு மூன்று காலடி தொலைவிலிருந்து நல்ல வீரர் 40 விழுக்காடு போட்டாலும் 0.80தான். தூரம் கூடக் கூட ஷாட் மோசம் என்ற பழைய நம்பிக்கை இந்தக் கணக்கின் முன் நிற்காது.

அதனால்தான் வெறும் ஷாட் விழுக்காடு ஏமாற்றும். அதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு: போட்ட மொத்த ஷாட்டோடு போட்ட த்ரீ பாயிண்டரில் பாதியைக் கூட்டி, எறிந்த மொத்தத்தால் வகுப்பது. கர்ரி 1598 எறிந்து 805 போட்டார். 805 + 201 = 1006. வகுத்தால் 63 விழுக்காடு. ஃபவுலுக்குப் பின் தடையின்றி எறியும், 1 பாயிண்ட் தரும் ஃப்ரீ த்ரோவில் 400க்கு 363. எல்லாம் சேர்த்து 79 ஆட்டத்தில் 2375 பாயிண்ட், சராசரி 30.1. வாக்களித்த 131 பேரும் அவரையே முதலில் எழுதினார்கள். மிகச் சிறந்த வீரர் விருதை ஒருமனதாகப் பெற்றவர் என்பிஏவில் அவருக்கு முன் எவரும் இல்லை. இந்த விருது வழக்கமான சீசனுக்கு மட்டும்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிளேஆஃபில் என்ன ஆனது என்பது அதில் சேராது. கடைசித் தொடரான ஃபைனல்ஸுக்குத் தனி விருது உண்டு.

அவர் போட்ட ஷாட்டைவிட, போடுவாரோ என்ற அச்சம் எதிரணிக்கு அதிகத் தொல்லை கொடுத்தது. பிப்ரவரி 27 அன்று ஓக்லஹோமா சிட்டியில், கூடுதல் நேரத்தின் கடைசி வினாடியில், கோட்டுக்கும் வெகுதூரம் பின்னாலிருந்து எறிந்து 121-118 என்று ஆட்டத்தை முடித்தார். அன்று மட்டும் 12 த்ரீ பாயிண்டர். அவ்வளவு தூரத்திலும் ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் தற்காப்பு விரிகிறது. சக வீரர் டிரேமண்ட் கிரீன் வந்து கர்ரியைக் காப்பவரின் வழியில் தடையாக நிற்பார். கர்ரியைக் காப்பவர், கிரீனைக் காப்பவர் இருவரும் கர்ரியை நோக்கி ஓடுவார்கள். கர்ரி உடனே பந்தைக் கிரீனுக்குத் தள்ளிவிடுவார். இப்போது வாரியர்ஸின் நான்கு பேருக்கு எதிராக எதிரணியில் மூன்று பேர்தான். கிரீன் இரண்டு அடி எடுத்து வைத்து, யார் விடுபட்டிருக்கிறாரோ அவருக்குக் கொடுத்தால் போதும். வாரியர்ஸ் அந்த ஆண்டு அணியாக 1077 த்ரீ பாயிண்டர் போட்டது இப்படித்தான். ஒரு சீசனில் ஆயிரத்தைத் தாண்டிய முதல் அணி அதுவே.

இதில் ஆபத்தும் இருக்கிறது. 45 விழுக்காடு என்பது 886 ஷாட்டின் சராசரி. ஓர் இரவில் பத்துப் பதினைந்து ஷாட் மட்டும் எறியும்போது அது 20க்கும் இறங்கும், 70க்கும் ஏறும். 82 ஆட்டத்தில் இந்த ஏற்ற இறக்கம் சமனாகிவிடும். ஒரே ஆட்டத்தில் சமனாக நேரமில்லை.

ஏழில் நான்கு

பிளேஆஃபில் 16 அணிகள், நான்கு சுற்று. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் 1-8, 2-7, 3-6, 4-5 என்று மோதும். ஒவ்வொரு மோதலும் அதிகபட்சம் 7 ஆட்டம். முதலில் 4 வெல்பவர் அடுத்த சுற்றுக்கு. சீசனில் சிறந்த கணக்கு உள்ள அணிக்கு ஆட்டம் 1, 2, 5, 7 சொந்த ஊரில். 3, 4, 6 வெளியூரில்.

ஐபிஎல் இறுதிப் போட்டி போல ஒரே ஆட்டத்தில் முடிவதில்லை என்பதால் வலுவான அணியே வெல்லும் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அணிக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்றால், 7 ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 71 விழுக்காடு. அப்படி நான்கு தொடர்களை வரிசையாக வெல்ல வேண்டும்: 25 விழுக்காடு. ஒவ்வொரு ஆட்டத்திலும் 70 விழுக்காடு என்ற அசுர அணியாக இருந்தாலும் ஒரு தொடருக்கு 87, நான்குக்கும் சேர்த்து 58. 73-9 என்ற எண் கோப்பைக்கு உத்தரவாதம் என்று நினைத்தவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை.

சீசனில் செல்லுபடியானது பிளேஆஃபில் செல்லாமல் போவதற்குக் கூடைப்பந்து சார்ந்த காரணங்களும் உண்டு. அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் இல்லை. அதனால் முதன்மை வீரர்கள் 34 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் ஆடுவார்கள். பெஞ்சில் பத்து பேர் ஆழம் வைத்திருக்கும் அணிக்குக் கிடைத்துவந்த சாதகம் குறைந்துவிடும். ஒரே எதிரணியின் காணொளியை இரண்டு வாரம் பார்ப்பதால் ஒவ்வொரு நகர்வுக்கும் மாற்று தயாராக இருக்கும். யாருடைய தற்காப்பு பலவீனம் என்று கண்டுபிடித்தால் ஒவ்வொரு முறையும் அவரையே இழுத்து வந்து தாக்குவார்கள்.

வாரியர்ஸின் பாதை முதல் சுற்றிலேயே கரடுமுரடானது. ஹூஸ்டனுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் கர்ரியின் வலது முழங்காலில் தசைநார் காயம். இரண்டு வாரம் கழித்து போர்ட்லாண்டுக்கு எதிராகத் திரும்பி வந்து 40 பாயிண்ட் எடுத்தார், அதில் 17 கூடுதல் நேரத்தில். அடுத்து ஓக்லஹோமா சிட்டி. நீண்ட கைகளும் வேகமும் உள்ள தண்டர், யாரை யார் காப்பது என்பதைத் தடங்கலின்றி மாற்றிக்கொண்டே ஆடி, மேலே சொன்ன நான்குக்கு மூன்று வாய்ப்பையே அடைத்துவிட்டது. 3-1 என்று முன்னிலையும் பெற்றது. ஆறாவது ஆட்டத்தில் கிளே தாம்ப்சன் 11 த்ரீ பாயிண்டர் போட்டு 41 பாயிண்ட் எடுத்திருக்காவிட்டால் வாரியர்ஸின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தத் தொடரை 4-3 என்று வென்றார்கள்.

ஃபைனல்ஸில் எல்லாம் தலைகீழ். முதல் இரண்டு ஆட்டம் வாரியர்ஸுக்கு: 104-89, 110-77. மூன்றாவது க்ளீவ்லாந்துக்கு, 120-90. நான்காவது மீண்டும் வாரியர்ஸுக்கு, 108-97. இப்போது 3-1. ஃபைனல்ஸில் அந்த நிலையிலிருந்து மீண்ட அணி அதுவரை எதுவும் இல்லை.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேவையற்ற முரட்டுத் தொடுகைக்கு ‘ஃப்ளாக்ரன்ட்’ ஃபவுல் கொடுப்பார்கள். முதல் வகைக்கு 1 புள்ளி, கடுமையான இரண்டாம் வகைக்கு 2 புள்ளி. பிளேஆஃப் முழுவதும் இந்தப் புள்ளிகள் சேரும். 4 வந்தால் ஓர் ஆட்டத் தடை, தானாகவே. டிரேமண்ட் கிரீனுக்கு ஹூஸ்டன் தொடரில் 1, ஓக்லஹோமா சிட்டி தொடரில் ஸ்டீவன் ஆடம்ஸை உதைத்ததற்கு 2. ஃபைனல்ஸ் நான்காவது ஆட்டத்தில் க்ளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸோடு நடந்த மோதலை ஆட்டத்துக்குப் பிறகு பரிசீலித்து இன்னொரு 1. மொத்தம் 4. கோப்பையை முடித்திருக்கக்கூடிய ஐந்தாவது ஆட்டத்தில் அவர் அரங்குக்குள்ளேயே இல்லை.

அன்று லெப்ரானும் அவருடைய சக வீரர் கைரி இர்விங்கும் ஆளுக்கு 41 பாயிண்ட் எடுத்தார்கள், 112-97. அதே ஆட்டத்தில் வாரியர்ஸின் மைய வீரர் ஆண்ட்ரூ போகட் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். வளையத்தடியில் காவல் குறைந்தது. ஆறாவது ஆட்டத்தில் லெப்ரானுக்கு மீண்டும் 41, க்ளீவ்லாந்து 115-101. க்ளீவ்லாந்து தன் திட்டத்தைக் கூர்மையாக்கியிருந்தது: கர்ரி யாரைக் காக்கிறாரோ அவரைத் தடை போட அழைத்து, கர்ரியை லெப்ரான் அல்லது இர்விங்கின் எதிரில் நிற்க வைப்பது. மறுமுனையில், விடுபட்டு நின்ற வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸின் ஷாட்டுகள் விழவில்லை. கடைசி மூன்று ஆட்டத்தில் 32க்கு 5.

ஏழாவது ஆட்டத்துக்கு முன் ஆறு ஆட்டங்களின் பாயிண்டையும் கூட்டினால் இரண்டு அணிகளும் 610. ஏழாவது ஆட்டம் 89-89 என்று நின்றபோது 699-699. வாரியர்ஸ் கடைசி நாலரை நிமிடத்துக்கும் மேலாக ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. 1 நிமிடம் 50 வினாடி மீதமிருக்கையில் வாரியர்ஸின் ஆண்ட்ரே இக்வடாலா எளிதாகப் போட்டிருக்க வேண்டிய பந்தை, பின்னாலிருந்து ஓடி வந்த லெப்ரான் பலகையில் அறைந்து தடுத்தார். 53 வினாடி இருக்கும்போது கர்ரியின் கைக்கு மேலாக இர்விங் ஒரு த்ரீ பாயிண்டர். கடைசியில் லெப்ரானின் ஒரு ஃப்ரீ த்ரோ. 93-89. அன்றிரவு கிரீன் 32 பாயிண்ட், 15 ரீபவுண்ட் (விழாத ஷாட்டைக் கைப்பற்றுவது), 9 அசிஸ்ட் (ஷாட்டுக்கு வழிவகுக்கும் பாஸ்) எடுத்தும் பயனில்லை. த்ரீ பாயிண்டரில் கர்ரி 14க்கு 4, தாம்ப்சன் 10க்கு 2. இருவரும் சேர்ந்து 24க்கு 6. சமனாக இன்னொரு ஆட்டம் இல்லை.

இரண்டு அணியையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்தத் தொடரில் பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது) ஐந்திலும் முதலிடம் லெப்ரானுக்கே. க்ளீவ்லாந்து நகருக்கு 1964க்குப் பிறகு பெரிய தொழில்முறை விளையாட்டு எதிலும் கிடைத்த முதல் கோப்பை அது.

பட்டியலின் அடியில்

கடைசியில் இருக்கும் அணிகளுக்கும் ஒரு போட்டி உண்டு. பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகள், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் இடங்களுக்காகக் குலுக்கலில் நிற்கும். மோசமான கணக்குள்ள அணிக்கு 2016இல் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. 0-18 என்று தொடங்கி 10-72 என்று முடித்த ஃபிலடெல்ஃபியா 76-அர்ஸுக்கே குலுக்கல் விழுந்தது. பென் சிம்மன்ஸைத் தேர்ந்தெடுத்தது. வேண்டுமென்றே தோற்கும் ஆசையைக் குறைக்க, 2019 முதல் மோசமான மூன்று அணிகளுக்கும் ஒரே மாதிரி 14 விழுக்காடு என்று மாற்றினார்கள்.

‘பாதுகாக்கப்பட்ட தேர்வு’ என்ற சொல்லும் அடிக்கடி வரும். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், 2012இல் ஸ்டீவ் நாஷ் என்ற வீரரை வாங்கியபோது எதிர்கால டிராஃப்ட் தேர்வு உரிமைகளைக் கொடுத்திருந்தது. அதில் ஒன்று கைமாறி ஃபிலடெல்ஃபியாவிடம் இருந்தது. நிபந்தனை: 2016இல் அது முதல் மூன்றுக்குள் விழுந்தால் லேக்கர்ஸே வைத்துக்கொள்ளலாம். 17-65 என்று முடித்த லேக்கர்ஸுக்கு அந்த வாய்ப்பு 55.8 விழுக்காடு. இரண்டாமிடம் விழுந்தது, பிராண்டன் இங்கிரம் வந்தார். சொந்தத் தேர்வையே தக்கவைக்க 65 தோல்வி தேவைப்பட்டது.

டிராஃப்டில் பெயர் வந்தாலே ஆடுவார் என்பதில்லை. 2015இல் டல்லஸ் மேவரிக்ஸ் 52-ஆவதாகத் தேர்ந்தெடுத்த பஞ்சாபின் சத்னம் சிங், என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். முதல் சுற்றில் தேர்வானவர்களுக்குத்தான் சம்பள உறுதி. இரண்டாம் சுற்றில் இல்லை. 2015-16இல் அவர் ஆடியது மேவரிக்ஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸுக்காக.

பணக் கணக்கு

ஐபிஎல் ஏலத்தில் ஓர் அணிக்குக் கொடுத்த தொகையைத் தாண்டவே முடியாது. என்பிஏவின் சம்பள வரம்பு அப்படி இறுக்கமானதல்ல. 2015-16இல் வரம்பு 7 கோடி டாலர். ஏற்கெனவே தன்னிடம் ஆடிய வீரரைத் தக்கவைக்க ஓர் அணி இதைத் தாண்டலாம். வெளியிலிருந்து பெரிய வீரரைக் கொண்டுவர வரம்புக்குள் இடம் வேண்டும். 8.474 கோடியைத் தாண்டினால் ஆடம்பர வரி: தாண்டிய முதல் 50 லட்சத்தில் ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றரை டாலர் அபராதம், மேலே போகப் போக இன்னும் அதிகம். க்ளீவ்லாந்து அந்த வரியைத் தாராளமாகக் கட்டியது.

கர்ரியின் சம்பளம் அந்த ஆண்டு 1.14 கோடி டாலருக்கும் குறைவு. கணுக்கால் காயங்கள் விடாமல் துரத்திய காலத்தில், 2012இல், 4 ஆண்டுக்கு 4.4 கோடி என்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. அவருடைய தரத்துக்கு மிகக் குறைந்த அந்தச் சம்பளத்தால்தான் மற்ற முதன்மை வீரர்களையும் சுற்றி வைக்க முடிந்தது. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் 2016-17இல் வரம்பு ஒரே பாய்ச்சலில் 9.4143 கோடியானது. அப்படிப் பாயும்போது, 73 வெற்றி பெற்ற அணிக்குக்கூட இடம் கிடைத்துவிடும். பார்ன்ஸும் போகட்டும் டல்லஸுக்குப் போனார்கள்; ஜூலை 4 அன்று, ஆறு வாரம் முன் வாரியர்ஸை 3-1 என்று நெருக்கிய ஓக்லஹோமா சிட்டியின் கெவின் டுரான்ட், வாரியர்ஸில் சேர்வதாக அறிவித்தார். அடுத்த சீசனில் அவர்கள் 67-15. பிளேஆஃபில் 16-1, ஃபைனல்ஸில் க்ளீவ்லாந்தை 4-1. லீக்குக்கும் வீரர்களுக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தப்படி வரம்பு ஓர் ஆண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர முடியாது.